மஞ்சள் குளித்த நாய்

மேடைக்கு வர மாட்டேன் என்று சொன்னேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

நசினுவில் என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து நீங்கள் டீ குடித்துக்கொண்டே கேட்டீர்கள். எல்லோரும் என்னோடு படித்தவர்கள், என் வயதுக்காரர்கள். சங்கத்து விழாவில் பழைய நாட்களைப் பற்றி நான் பேச வேண்டும் என்றீர்கள். நான் தலையாட்டி மறுத்ததும் உங்களில் ஒருத்தி, "இன்னாடி, இன்னும் அந்தக் கூச்சம் போகலியா ஒனக்கு?" என்று சிரித்தாள்.

போகவில்லை. போகவும் வேண்டாம். அந்தக் கூச்சம் இல்லாமல் போயிருந்தால் ஒரு நாய் செத்திருக்கும், ஒரு குதிரை கைமாறியிருக்கும். அதனால் எழுதித் தருகிறேன் என்றேன். கோவில் கட்டியதை எழுது, பள்ளிக்கூடம் வந்ததை எழுது, நம் ஆட்கள் முன்னுக்கு வந்ததை எழுது என்று ஆளுக்கு ஒன்று சொன்னீர்கள். அதையெல்லாம் எழுத வேறு பேர் இருக்கிறார்கள். நான் எங்கள் வீட்டு நாயையும் குதிரையையும் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் பெரியப்பா சொன்ன கதையை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். தீமிதிக்கு முன்னால் மாரியம்மன் இறங்கி வந்து எங்கள் குதிரையை அடக்கிய கதை. நான் அந்த இடத்தில் இருந்தேன். நடந்தது வேறு.

அப்போது நாங்கள் தீவின் மேற்குக் கரையில், சவேனியில் இருந்தோம். முன்பக்கம் நடந்தால் கடல், பின்பக்கம் மலை, நடுவில் கரும்பு. தகரக் கூரை வீடு. வீட்டுக்கும் கரும்புக்கும் நடுவே மண்முற்றம். முற்றத்தின் ஓரத்தில் மாமரம், அதன் கீழே குதிரை லாயம். நாலு மரத்தூண் நட்டு மேலே தகரம் போட்டது. வாசலுக்குக் குறுக்கே ஒரு கட்டை. எண்ணெய் டிரம்மைப் பாதியாக வெட்டிய தீனித் தொட்டி. கரும்புக்கு அந்தப் பக்கம் ரயில் பாதை போகும். வெட்டு நாட்களில் கரும்பு ரயில் எங்கள் கொல்லையை ஒட்டித்தான் லவுத்தோக்கா மில்லுக்குப் போகும். காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் பாகு வாசனை அடிக்கும். உங்களுக்கும் நினைவிருக்கும்.

வீட்டில் அப்பா, அம்மா, பெரியப்பா, நான். பெரியம்மா நான் பிறக்குமுன்பே போய்விட்டாள். பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் அவர் சொன்னதுதான் நடக்கும். அப்பா அதிகம் பேசமாட்டார். நான் பேசவே மாட்டேன். வீட்டுக்கு யாராவது வந்தால் அரிசி டின்னுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வேன். பெரியப்பா என்னை 'ஊமச்சி' என்றுதான் கூப்பிடுவார். பாசமாகத்தான் கூப்பிட்டார். ஆனாலும் அது எனக்குப் பிடிக்கவில்லை என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

நாய் எப்படி வந்தது என்று சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் கரும்புக்கெல்லாம் மேற்பார்வை பார்த்த வெள்ளைக்காரரை எல்லோரும் குலம்பர் என்பார்கள். அவர் வேலையை விட்டுக் கப்பலேறினார். அவர் வீட்டுப் பெட்டிகளை அப்பா மாட்டுவண்டியில் ஏற்றித் துறைமுகத்தில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்தார். வண்டியில் ஒரு நாய் இருந்தது. முழு வெள்ளை. முகத்தில் தாடி. கால் எங்கே என்று தேட வேண்டும். கரும்பு நடும்போது வெட்டிப் போடும் கரணையின் அளவுதான் இருந்தது.

"என்னடா இது?" என்றார் பெரியப்பா.

"பொட்டியெல்லாம் எறக்கிட்டுத் திரும்பறேன், அந்தத் தொரசாணி இத என் மடியில வச்சிட்டு அழுவுது," என்றார் அப்பா. "எனக்குத் தெரிஞ்சது 'நோ' ஒண்ணுதான். அழுவுற பொம்பளகிட்ட அத எப்பிடி சொல்றது?"

"தொரை ஊட்டு நாயி. இது சோறு தின்னுமா, இல்ல கேக்குதான் துன்னுமா?"

அம்மா டின் மீன் குழம்பில் பிசைந்த சோற்றை வைத்தாள். அது தட்டை முற்றம் முழுக்கத் தள்ளிக்கொண்டே போய் நக்கித் தீர்த்தது. பெரியப்பா கூடச் சிரித்துவிட்டார். அதற்குத் துரைசாணி வைத்த பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. கரணை என்றே கூப்பிட்டோம்.

கரணைக்கு எங்கள் வீட்டில் ஒரே ஒரு எதிரி. அது செவலை.

செவலை எங்கள் குதிரை. கனத்த உழவுக்கு மாடு, கரும்பு வரிசைகளுக்கு நடுவே களை கிளறச் செவலை. நல்ல வேலைக்காரக் குதிரை. ஒரு செடியை மிதிக்காது. ஆனால் நாயைக் கண்டால் அதற்கு ஆகாது. முன்பு அதை வைத்திருந்தவர் மலைப்பக்கத்தில் நாய்க்கூட்டத்தோடு காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறவர். அதன் பின்னங்கால்களில் பழைய பல்தடம் இருந்தது. பக்கத்து வயல் ராவுத்தருடைய காவல் நாய் ஒரு முறை எங்கள் முற்றத்துக்கு வந்து தாடை உடைந்து திரும்பியது. அதற்குப் பிறகு எந்த நாயும் வந்ததில்லை.

தீமிதிக்கு நாள் வைத்தார்கள். அந்த வருஷம் பெரியப்பா தீ மிதிப்பதாக வேண்டுதல். அப்போதெல்லாம் எங்கள் பக்கம் காப்புக் கட்டியவர்கள் கோவிலில் தங்கி, பகலில் மட்டும் வீட்டுக்கு வந்து வயலையும் மாட்டையும் பார்த்துவிட்டுப் போவார்கள். அந்த நாட்களில் வீட்டில் கவுச்சி கூடாது, தீட்டு கூடாது, நாய் உள்ளே வரக்கூடாது. பெரியப்பா சொல்லிவிட்டார்.

"காப்பு கட்டறதுக்குள்ள இது குதிரையோட பழகிக்கணும். ஊட்டுக்குள்ள நாய் ஆகாது. வெளிய குதிரை நிக்குது. பழகலன்னா கரும்பு ரயில் டிரைவர்கிட்ட குடுத்துடுவேன். லவுத்தோக்காவுல எறக்கி வுட்டுடுவான்."

மில் பக்கத்து நாய்களை நான் பார்த்திருக்கிறேன். கரணை அவற்றிடம் ஒரு பொழுது தாங்காது.

அன்றைக்கே பெரியப்பா பழக்கியும் காட்டினார். கரணையைக் கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நேரே லாயத்துக்குப் போனார். "மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்கட்டும். ரெண்டுக்கும் பயம் தெளிஞ்சிடும்," என்று செவலையின் மூக்குக்கு நேரே நீட்டினார். செவலை முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு எழுந்தது. வாசல் கட்டை இரண்டாக முறிந்தது. கரணை பெரியப்பாவின் சட்டையை நனைத்துவிட்டது. அப்பா சிரிக்க ஆரம்பித்து அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே வருஷம் பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் பெரியப்பா என்னையும் அப்படித்தான் பழக்கினார்.

உங்களில் சிலர் அங்கே இருந்தீர்கள். எனக்கு ஒரு பாட்டு ஒப்பிக்கக் கொடுத்திருந்தார்கள். முகம் முழுக்கப் பவுடர், யாரிடமோ வாங்கிய கழுத்து மாலை, பெரியப்பாவின் அத்தர். நான் படிக்கட்டில் நின்றுவிட்டேன். பெரியப்பா பின்னாலிருந்து முதுகில் கைவைத்து ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டுப் போய் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். "பேசுடி! பயம் தெளிஞ்சிடும், பேசு!" என்று அங்கிருந்தே கத்தினார். முகங்கள், முகங்கள். ஒரு சொல் வரவில்லை. யாரோ கையைப் பிடித்து இறக்கிக் கொண்டுபோனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நேரே செவலையிடம் ஓடினேன். அழ வேண்டியிருந்தால் அங்கேதான் அழுவேன். அன்றைக்கு அது காதை மடக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தது. என்னைப் பார்த்து! தினமும் புல் போடுகிறவளைப் பார்த்து. நான் தண்ணீர்த் தொட்டியில் முகத்தைக் கழுவி, விழா உடுப்பைக் கழற்றிவிட்டு, வீட்டுப் பாவாடையோடு திரும்பப் போனேன். மூக்கை என் தோளில் வைத்தது. ஏன் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

கரணையை நான் பழக்குகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு வராது. செய்ய வரும்.

புது ஆளிடம் எப்படிப் போவது என்பது கூச்சப்படுகிறவர்களுக்குத்தான் தெரியும். என்னிடம் யாராவது நேரே வந்து கன்னத்தைப் பிடித்தால் எனக்கு ஓடத் தோன்றும். யாராவது தூரத்தில் உட்கார்ந்து தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தால், கொஞ்ச நேரத்தில் நானே அவர்கள் பக்கத்தில் போய் நிற்பேன். செவலையும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

செவலை சாயங்காலம் தீனி தின்னும் நேரத்தில், கரணையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு மாமரத்துக்கு அந்தப் பக்கம் போய் உட்காருவேன். செவலையைப் பார்க்கவே மாட்டேன். கரணை குரைத்தால் எழுந்து வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவேன். குரைக்காமல் இருந்தால் ரொட்டித் துண்டு கிடைக்கும். அது புத்திசாலி நாய். ரொட்டி எங்கிருந்து வருகிறது என்று சீக்கிரம் தெரிந்துகொண்டது. பிறகு மரத்துக்கு இந்தப் பக்கம். பிறகு கொஞ்சம் கிட்டே. செவலை தின்பதை நிறுத்தித் தலையைத் தூக்கினால், வந்த வழியே சற்றுப் பின்னால் போவோம். அது திரும்பக் குனிந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்போம்.

செவலையின் முதுகில் போடும் பழைய சர்க்கரைச் சாக்கு ஒன்று உண்டு. வியர்வை ஊறி அட்டை மாதிரி விறைத்திருக்கும். அதைக் கரணைக்குப் படுக்கையாகப் போட்டேன். கரணை படுத்திருந்த என் கிழிந்த பாவாடையைத் தீனித் தொட்டியின் ஓரத்தில் தொங்கவிட்டேன். செவலை முதல் நாள் அதை முகர்ந்துவிட்டுச் சீறியது. பிறகு அதை ஒதுக்கிவிட்டுத் தின்றது. பிறகு ஒதுக்கவும் இல்லை.

கட்டைக்கு வெளியே கரணை படுத்திருந்த ஒரு சாயங்காலம், செவலை கழுத்தை நீட்டி அதன் முதுகு நெடுக மூச்சை விட்டது. கரணையின் முடி இரண்டு பக்கமும் பிரிந்தது. அது கண்ணை மட்டும் உருட்டி என்னைப் பார்த்தது. வாலை ஒரு தடவை ஆட்டியது.

அதற்குப் பிறகு கரணை லாயத்திலேயே தூங்கியது. செவலை காலைத் தூக்கி வைக்கும்போது நாய் எங்கே படுத்திருக்கிறது என்று பார்த்து வைத்தது.

ராவுத்தர் ஒரு நாள் புல்லரிவாள் கேட்டு வந்தார். அவர் நாயைத் தொடமாட்டார். கரணை ஓடி வந்தாலே கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதிப்பார். அன்றைக்குக் கைலியைத் தூக்கிப் பிடித்தபடியே லாயத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"யா அல்லா! எங்க நாயி தாடைய ஒடச்ச குதிரையா இது? தேக்கோ, தேக்கோ, காலுக்கு நடுவுல படுத்துக் கெடக்குது! யாரு பழக்குனது?"

"அதுவா பழகிக்கிச்சு," என்றார் பெரியப்பா. "நான்தான் மூஞ்சிக்கு மூஞ்சி காட்டி வுட்டேன்."

நான் அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

காப்புக் கட்டியாயிற்று. அடுத்த நாள் கரகம் எங்கள் முற்றத்துக்கு வரும் என்றார்கள். பூசாரி தலையில் கரகத்தோடு, பம்பை உடுக்கையோடு வீடு வீடாக வருவார். அந்த நாள் அம்மா காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தாள். முற்றத்தைக் கூட்டினாள். டிரம்மில் தண்ணீர் நிரப்பி மஞ்சளைக் கரைத்து வேப்பிலையைப் போட்டாள். வாசல், சுவர், படி, எல்லாவற்றிலும் தெளித்தாள். அப்பா செவலையைக் கரும்புக்குள் ஓட்டிப் போயிருந்தார். கரணை மட்டும் முற்றத்தில் திரிந்துகொண்டிருந்தது.

"அம்மன் வர்ற எடத்துல நாயி நிக்குதேன்னு ஒங்க பெரியப்பா கத்துவாரு. இதுவும் ஒரு தலமுழுக்கு போட்டுக்கட்டும்," என்றாள் அம்மா. கரணையைத் தூக்கி டிரம்முக்குப் பக்கத்தில் வைத்து, மஞ்சளை அரைத்துப் பூசி, வேப்பிலைத் தண்ணீரை ஊற்றித் தேய்த்தாள். வெள்ளை நாய் கல்யாணப் பெண் மாதிரி மஞ்சளாக நின்றது. நெற்றியில் குங்குமமும் வைத்துவிட்டாள். நானும் சிரித்தேன். நல்ல மனதோடுதான் செய்தாள். நாயை வீட்டில் நிறுத்தி வைக்கத்தான் செய்தாள்.

கரகம் வந்தது. பம்பை அடித்தது. பெரியப்பா மஞ்சள் வேட்டியோடு, கையில் காப்போடு முன்னால் நின்றார். பூசாரி காலில் அம்மா தண்ணீர் ஊற்றினாள். அந்த நேரம் பார்த்து அப்பா வேலை முடித்துச் செவலையை லாயத்தில் கட்டினார். கரணை தன் இடத்துக்கு ஓடியது.

மற்றவர்கள் பார்த்தது வேறு, நான் பார்த்தது வேறு. எல்லோரும் அலறல் கேட்டுத் திரும்பினார்கள். நான் அதற்கு முன்பே பார்த்துக்கொண்டிருந்தேன். செவலை கரணையைக் கண்டதும் அடிக்கவில்லை. வழக்கம்போலக் குனிந்தது. மூக்கை வைத்தது. முகர்ந்தது. அதற்குப் பிறகுதான் காதை மடக்கி, கத்தி, முன்காலால் அடித்தது.

கரணை முற்றத்தின் நடுவில் வந்து விழுந்தது. குளம்பு முழுதாகப் படவில்லை, அதனால் உயிர் இருந்தது. பின்னங்கால் ஒன்று தொங்கியது. மஞ்சள் தண்ணீர் தெளித்த மண்ணில் ரத்தம்.

பம்பை நின்றது.

"காப்பு கட்டின ஊடு. ரத்தம் சிந்திப் போச்சு," என்றார் பூசாரி மெல்ல.

பெரியப்பாவின் முகம் சாம்பலாகிவிட்டது. அவருக்கு உண்மையிலேயே பயம். தீயில் இறங்கப் போகிறவருக்கு அந்தப் பயம் இருக்காதா? அது எனக்கு அன்றும் புரிந்தது. அவர் சொன்னதுதான் புரியவில்லை.

"அம்மாவுக்கு இந்த நாயி புடிக்கல. குதிரை மேல எறங்கிக் காட்டிட்டா. காலைல ரயில்ல நாய அனுப்பிடு. அந்தக் குதிரையும் இனிமே நம்ம முத்தத்துல நிக்க வேணாம். ராவுத்தர எடுத்துக்கச் சொல்லு."

அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "க்யா கரே, இன்னா பண்றது," என்று முடித்துக்கொண்டு ராவுத்தர் வீட்டுப் பக்கம் நடந்தார்.

அந்தச் சாயங்காலம் முழுக்கக் கரணையை மடியில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அம்மா காலுக்குத் துணி சுற்றிக் கட்டியிருந்தாள். கரணையின் தலையில் முகத்தை வைத்தேன். கரணை வாசனை இல்லை. சாக்கு வாசனை இல்லை. வெள்ளிக்கிழமை தலை முழுகிவிட்டு வரும் அம்மாவின் வாசனை இருந்தது. எனக்குப் பவுடரும் அத்தரும் பூசிய அந்த ஆண்டுவிழா நாள் நினைவுக்கு வந்தது. என்னையே அடையாளம் தெரியாமல் பின்னால் நகர்ந்த செவலை நினைவுக்கு வந்தது.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "மஞ்சளாலதாம்மா. செவலைக்கு அடையாளம் தெரியல."

"வாய மூடு," என்றாள் அம்மா. பதறிப் போய்ச் சுற்றும் பார்த்தாள். "மஞ்சள கொற சொல்றியா? அதுவும் அம்மன் நாளுல? யார் காதுலயாவது உழுந்தா?"

நான் வாயை மூடினேன். சொல்லி ஆகப் போவதில்லை என்று தெரிந்துவிட்டது.

விடிந்ததும் பெரியப்பா கோவிலிலிருந்து வந்தார், ஈர வேட்டியோடு. நாயைப் பிடித்துக் கோணியில் போடு என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா கோணி தேடப் போனார். வழக்கத்தைவிட மெதுவாகத் தேடினார் என்று இப்போது நினைக்கிறேன். வயல்வரப்பில் ராவுத்தர் கையில் புதுக் கயிற்றோடு வந்துகொண்டிருந்தார்.

நான் கரணையைத் தூக்கிக்கொண்டு லாயத்துக்குப் பின்னால் போனேன். முதலில் அந்தச் சர்க்கரைச் சாக்கால் அதைத் துடைத்தேன். போதவில்லை. செவலையின் கீழே நனைந்து கிடந்த புல்லை அள்ளித் தேய்த்தேன். அப்புறம் லத்தியை அள்ளினேன். குதிரை லத்தி, சூடாக இருந்தது. கரணையின் முதுகில், கழுத்தில், தாடியில், குங்குமம் வைத்த நெற்றியில் பூசினேன். என் கையிலும் பூசிக்கொண்டேன், பாவாடையிலும் பூசிக்கொண்டேன். வீடே கழுவி மெழுகி மணந்துகொண்டிருந்த நாளில் நாங்கள் இரண்டு பேரும் நாறினோம். பிறகு கட்டைக்குக் கீழே நுழைந்து, லாயத்தின் மூலையில் தரையில் உட்கார்ந்தேன். செவலையைப் பார்க்கவில்லை.

அம்மாதான் முதலில் பார்த்தாள். "ஐயோ! ஓடியாங்க, பாப்பா உள்ள போயிடுச்சு!"

எல்லோரும் ஓடி வந்தார்கள். பெரியப்பா கட்டைக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினார். "வெளிய வாடி! ஏய் ஊமச்சி, வெளிய வா!"

"வரமாட்டேன்," என்றேன்.

"இன்னா சொன்ன?"

"வரமாட்டேன். நீங்க கத்தாதீங்க, பெரியப்பா. செவலை பயப்படுது."

ராவுத்தர், "ஏ, ஊமப் புள்ள பேசுது!" என்றார்.

பெரியப்பா கட்டையைத் தாண்டக் காலைத் தூக்கினார். கீழே பார்த்தார். நனைந்த புல், லத்தி, அதன் நடுவில் நாயோடு நான். தன் கையிலிருந்த காப்பைப் பார்த்தார். காலை இந்தப் பக்கமே வைத்துவிட்டார். எந்தக் காப்புக்காக நாயை வெளியே தள்ளினாரோ அந்தக் காப்பு அவரையும் வெளியே நிறுத்தியது.

"நீ போய் இழுத்துட்டு வாடா," என்றார் அப்பாவிடம்.

அப்பா கையில் கோணியோடு நின்றார். என்னைப் பார்த்தார். "கொஞ்சம் இருண்ணே," என்றார். "நீயும் கத்தாத."

அப்பா பெரியப்பாவிடம் அப்படிச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அதற்குப் பிறகும் கேட்டதில்லை.

செவலை காதை மடக்கித்தான் வைத்திருந்தது. அதன் குளம்பு என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. எனக்குப் பயமில்லை என்று எழுதினால் பொய். கரணை நடுங்கியது, நானும் நடுங்கினேன். ஆனால் எழுந்திருக்கவில்லை. தலை மெல்ல இறங்கி வந்தது. முதலில் என் தலைமுடியை முகர்ந்தது. பிறகு கரணையின் முதுகு. கழுத்து. அங்கேயே நின்றது. மறுபடி முகர்ந்தது. பிறகு ஒரு காது முன்னால் வந்தது, அப்புறம் இன்னொன்று. நீளமாக ஒரு மூச்சு விட்டது. கரணையின் ஈர முடி விலகவில்லை, ஒட்டிக்கொண்டிருந்தது. கரணை நாக்கை நீட்டி அந்த மூக்கை நக்கியது.

செவலை திரும்பித் தொட்டியில் இருந்த புல்லைத் தின்ன ஆரம்பித்தது.

அந்த நேரம் கரும்பு ரயில் வந்தது. ஊதிக்கொண்டே வந்து, பெட்டி பெட்டியாகக் கொல்லையைக் கடந்து போனது. யாரும் கையைக் காட்டவில்லை. கோணி அப்பாவின் கையிலேயே இருந்தது.

ராவுத்தர் கயிற்றைச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டார். "குதிரை நல்லாத்தானே கீது. இத நான் வாங்கினா நாளைக்கு நீங்களே வந்து திருப்பிக் கேப்பீங்க. மொதல்ல புள்ளயக் குளிப்பாட்டுங்க, கொமட்டுது," என்று சொல்லிவிட்டு, கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

பெரியப்பா என்ன சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார்.

"பாத்தீங்களா! தாயே! கோவத்துல எறங்கினவ மனசு குளுந்துட்டா. கொழந்த ரூபத்துல வந்து குதிரைய அடக்கிட்டா!"

அந்தக் காலையில் நான் செய்தது என்னுடையதாக இல்லாமல் போனது அந்த நொடியில்தான்.

அம்மா என்னைத் தொட்டியடிக்குக் கூட்டிப்போனாள். பச்சைத் தண்ணீரை ஊற்றினாள். மஞ்சள் கிண்ணம் அங்கேயே இருந்தது, தொடவில்லை. நான் கரணையையும் தூக்கப் போனேன். "அத வுடு," என்றாள். "அத குளிப்பாட்ட வேணாம். அப்பிடியே இருக்கட்டும்." பிறகு எந்த வருஷமும் கரகம் வரும் நாளில் கரணையை யாரும் கழுவியதில்லை. அம்மா பழைய சாக்கு ஒன்றை லாயத்து வாசலில் மறைப்பாகக் கட்டிவிடுவாள், அவ்வளவுதான்.

பெரியப்பா தீ மிதித்தார். கால் சுடவில்லை. அது குதிரை அடங்கியதால் என்று அவருக்கு இன்னும் உறுதியானது. கோவில் வாசலில் யங்கோணா வேர்ப்பொடியைக் கரைத்துக் குடிக்க உட்கார்ந்தவர்களிடம் அன்றைக்கே அந்தக் கதையைச் சொன்னார். பிறகு கல்யாண வீட்டில், கருமாதி வீட்டில், சங்கத்துக் கூட்டம் முடிந்த பிறகு பந்தலில், எங்கும் சொன்னார். நான் டீ டம்ளரை நீட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன். என்னைக் காட்டி, "இது மேலதான் எறங்கினா. இதுக்கு ஒண்ணும் தெரியாது," என்பார்.

கரணை நொண்டிக்கொண்டே நெடுநாள் இருந்தது. செவலை களை கிளறப் போனால் வரிசை வரிசையாகப் பின்னாலேயே நொண்டிக்கொண்டு போகும். வரிசை முடிவில் செவலை நின்று அது வந்து சேரும் வரை திரும்பமாட்டேன் என்று அடம்பிடிக்கும். அப்பா திட்டிக்கொண்டே காத்திருப்பார். பிறகு குத்தகை முடிந்தது. நிலம் போனது, லாயம் போனது, அந்தச் சாக்கு எங்கே போனது என்று தெரியவில்லை. நாங்கள் இந்தப் பக்கம், நசினுவுக்கு வந்துவிட்டோம். இங்கே வாசலில் மினிபஸ்தான் நிற்கிறது.

இத்தனை நாள் நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பெரியப்பா உயிரோடு இருக்கும்போதே ஒரு முறை சொன்னேன். "மஞ்சள் வாசனைல அதுக்கு அடையாளம் தெரியல, பெரியப்பா. நான் லத்தி பூசினேன், தெரிஞ்சிக்கிச்சு," என்றேன். அவர் என் தலையைத் தடவி, "அப்பிடி பூச ஒனக்கு யாரு புத்தி குடுத்தா?" என்று கேட்டுவிட்டு மேலே கை காட்டினார். அதோடு விட்டுவிட்டேன். இனி விடுவதாக இல்லை.

போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஒருத்தர் இந்தக் கதையைத் தமிழ் தெரியாத தன் பேரப்பிள்ளைகளுக்கு இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் இப்போது அம்மனின் கால் சலங்கைச் சத்தம் வேறு சேர்ந்திருக்கிறது. நாய் கருப்பாகிவிட்டது. நான் அதில் இல்லவே இல்லை.

அம்மன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வருஷா வருஷம் கோவிலுக்குப் போகிறேன், மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிறேன். எனக்குப் புத்தி கொடுத்தது அவள் என்றால் இருக்கட்டும். கை என்னுடையது. அந்த மூலையில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த கால்கள் என்னுடையவை. சத்தம் போடாமல், நேரே பார்க்காமல், ஒரு பயந்த உயிரின் பக்கத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்க எனக்குத் தெரியும். அதை நீங்கள் கூச்சம் என்கிறீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

இதை விழாவில் படிக்க வேண்டுமென்றால் சத்தமாகப் படிக்கத் தெரிந்த யாராவது படியுங்கள். நான் பின்வரிசையில், கதவோரம் இருப்பேன். படித்து முடித்ததும் யாராவது உற்சாகத்தில் திரும்பி, மேடைக்கு வா என்று கூப்பிட்டால் நான் சொல்லப்போகும் பதில், அன்றைக்கு லாயத்தில் பெரியப்பாவுக்குச் சொன்ன அதே ஒரு சொல்தான்.